இரண்டு கை எதற்கு?

மலராசிரியர் என்னிடம் கேட்டது பௌதிகக் கட்டுரை. நான் கொடுப்பது மீன்பிடிப்பைப் பற்றிய ஒரு வழக்கு. இரண்டும் ஒன்றுதான் என்று காட்ட முயல்கிறேன். முடியாமற்போனால் ஆசிரியர் பொறுத்தருள்வாராக.

சென்ற கார்த்திகை முதல் சனிக்கிழமை மாலைகளில், விடுதிச் சரிவுக்குக் கீழே விசாகப்பட்டினத்துக் கடலோரத்தில், இரண்டு பேர் பதினோரடிக் கோல் ஒன்றை இரு கையாலும் பற்றி ஆகாயத்தை அடித்துக்கொண்டிருந்ததை நண்பர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வானொலிக் கம்பம் நடுகிறார்களோ என்று கேட்டவர் உண்டு. பட்டத்தின் நூல் அறுந்துவிட்டதோ என்று இரக்கப்பட்டவரும் உண்டு. அந்த இருவரில் ஒருவன் நான். மற்றவர் எங்கள் சோதனைச்சாலையின் மூத்த அண்ணன். அமெரிக்காவின் ராட் ஐலண்டு மாநிலத்தில் மூன்றாண்டு ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பியவர். திரும்பும்போது பிறர் கொண்டுவரும் பொருள்கள் எதையும் அவர் கொண்டுவரவில்லை. நான்கு துண்டாகக் கழலும் இந்தக் கோலைத்தான் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

உணவு விடுதியில் என்னைக் கேட்காதவர் இல்லை: "மீன் பிடிக்க இரண்டு கை எதற்கு ஐயா?" கேள்வி கேலியாக வந்தாலும் நல்ல கேள்வி. அட்லாண்டிக் கரையில் தூண்டில்காரர்கள் இதே கேள்வியை வைத்து இன்றும் சண்டையிடுகிறார்கள். ஒரு சாரார், "இரு கைக் கோல்தான் கடலுக்கு ஏற்றது, அதனால்தான் தூரம் போகும்" என்பர். மறு சாரார், "அது வீச்சே அன்று, கை முடியாதவன் பிடிக்கும் ஊன்றுகோல்" என்பர். இரு சாராரும் தவறு என்பது என் கட்சி. ஒருவர் காரணத்தைத் தவறாகச் சொல்கிறார். மற்றவர் மனிதனைத் தவறாக மதிக்கிறார்.

முதலில் பொருளை விளக்கிவிடுகிறேன். நம் கரைகளில் தூண்டில் எறிபவர் தங்கூசியின் நுனியில் ஈயக்குண்டு கட்டி எறிகிறார். குண்டு பறக்கிறது, தங்கூசி அதன் பின்னே ஓடுகிறது. நாங்கள் எறிவது அதுவன்று. முள்ளின்மேல் இறகும் மயிரும் சுற்றிக் கட்டிய பொய்ம்மீன் ஒன்று. மேல்நாட்டார் அதனை 'ஃப்ளை' என்பர். அதற்கு எடையே இல்லை எனலாம். கல்லை எறியலாம், இறகை எறிவதெப்படி? விடை எளிது: இறகை எறியாதே, கயிற்றை எறி. கனத்த பூச்சு ஏற்றிய கயிறே இங்கே குண்டு. அது பின்னால் முழுவதும் நீண்டு விரியும்வரை காத்திருந்து, கோலை முன்னே செலுத்தினால், கயிறு ஒரு மடிப்பாகச் சுருண்டு காற்றில் உருண்டு சென்று நேராக விழும். நுனியில் உள்ள இறகு அதனோடு போகும். சாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாட்டையைப் போல ஓசை கேட்டால் வீச்சு கெட்டது என்று பொருள். என் முதல் வாரம் முழுவதும் ஓசைதான்.

இந்தக் கயிற்றுக்கு எண் உண்டு. ஒரு கைக் கோலுக்கான பத்தாம் எண் கயிறு என்றால் அதன் முதல் 30 அடி 280 கிரெயின், அதாவது ஏறத்தாழ 18 கிராம் நிறுக்க வேண்டும். எட்டாம் எண் 210 கிரெயின். நல்ல ஏற்பாடு. ஆனால் இரு கைக் கோலுக்கு வந்ததும் அதே எண்களுக்கு வேறோர் அட்டவணை! கோலில் 'எட்டு' என்று எழுதியிருப்பதை நம்பி ஒரு கைக் கோலின் எட்டாம் எண் கயிற்றைப் பூட்டினால் அந்தக் கோல் அசைந்தும் கொடாது. அளவைகளை ஒழுங்காக வைக்கத் தெரியாத தொழில் விஞ்ஞானத்தின் பக்கம் வரலாகாது என்று எனக்குக் கோபம். எங்கள் கோலில் 500 கிரெயின் பூட்டியிருக்கிறோம்; 32 கிராமுக்குச் சற்று மேல். அண்ணன் அதைச் சோதனைச்சாலைத் தராசில் நிறுத்தே பார்த்தார். (யாரிடமும் சொல்லவேண்டாம்.)

இரு கைக் கோல் கடலில் பிறந்ததன்று. ஸ்காட்லாந்து நாட்டில் ஸ்பே என்றோர் ஆறு. கரையெங்கும் மரம், செங்குத்தான மேடு. சால்மன் மீனுக்கு வீச நினைப்பவன் கயிற்றைப் பின்னால் விரிக்க இடமில்லை. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூரார் பதினைந்து அடிக்கும் மேற்பட்ட மரக்கோல்களை இரு கையால் பிடித்து, கயிற்றைப் பின்னே போகவிடாமல், நீர்மேல் ஒரு கணம் தங்கவைத்து, அங்கிருந்தே உருட்டி முன்னே செலுத்தும் ஒரு வித்தையைக் கண்டனர். 'ஸ்பே வீச்சு' என்று இன்றும் அதற்கு அந்த ஆற்றின் பெயரே. கடலோரத்தார் அந்தக் கோலை எடுத்துக்கொண்டனர், வித்தையை எடுத்துக்கொள்ளவில்லை. ஏனெனில் கயிறு ஒரு கணம் தங்குவதற்கு அமைதியான நீர் வேண்டும். உடைந்த அலையிலே அது கிடைக்காது. கடற்கரையில் பின்னால் இடத்துக்கும் பஞ்சமில்லை. ஆகவே தலைக்கு மேலே, பின்னும் முன்னுமாக ஒரே வீச்சு. ஆற்றுக்காரர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு.

இனிப் பௌதிகம். கோல் நீண்டால் நுனியின் வேகம் கூடும். ஒரே கோண வேகத்தில் நீளம் எத்தனை மடங்கோ வேகமும் அத்தனை மடங்கு. ஒன்பதடிக்குப் பதில் பதினோரடி வைத்தால் லாபம் நூற்றுக்கு இருபத்திரண்டு. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. கோலைச் சுழற்றும்போது அது காட்டும் பிடிவாதம் நீளத்தின் இருபடியில் ஏறுகிறது. எடையும் நீளத்தோடு வளர்வதால் முப்படி எனலாம். 11-ஐ 9-ஆல் வகுத்து மும்முறை பெருக்குங்கள்: 1.8 வரும். நுனி மெலிந்த கோலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் போக்கு இதுவே. நூற்றுக்கு இருபத்திரண்டு லாபத்துக்காக நூற்றுக்கு எண்பது கூடுதல் பிடிவாதத்தை ஒரு மணிக்கட்டு தாங்குமா? தாங்காது. இங்கேதான் இரண்டாம் கை வருகிறது. ஒரு கை கோலின் அடியிலும் மற்றது அதற்கு ஒன்றேகால் அடி மேலேயும் இருந்து, ஒன்று இழுக்க ஒன்று தாங்கினால், மணிக்கட்டு செய்த வேலையை நெம்புகோல் செய்துவிடுகிறது.

அண்ணன் இதைச் சமன்பாட்டில் சொல்வதில்லை. "தம்பி, மேல்கை சும்மா இருக்கட்டும். கீழ்க்கையை வயிற்றுக்கு இழு" என்பார். நான் மூன்று வாரம் மேல்கையால் தள்ளினேன். ஆறாண்டு பௌதிகம் படித்தவன், நெம்புகோலின் எந்த முனையில் விசையைத் தரவேண்டும் என்று தெரியாமல் மணலில் நின்றேன். நான்காம் சனிக்கிழமை கீழ்க்கையை இழுத்தேன். கயிறு ஓசையின்றிப் போயிற்று. என் உடம்பில் எந்தப் பகுதி அதைக் கற்றுக்கொண்டது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. தலை இல்லை என்பது மட்டும் உறுதி.

ஆக, தூரம் கூடுவது உண்மைதானே என்பீர்கள். ஓரளவு உண்மை. எங்கள் விளையாட்டுத் திடலில், காற்றில்லாத காலையில், ஒரு கைக் கோலால் நான் எறிந்தது 17 மீட்டர். இரு கைக் கோலால் 26. அண்ணன் 33 எறிந்தார். இதோடு வழக்கை முடித்துவிடலாமா? கூடாது. ஒரு கைக் கோல் பிடிப்பவனுக்கு மற்றொரு கை ஓய்வாக இருக்கிறது. தேர்ந்தவர்கள் அந்தக் கையால் வீசும் கணத்திலேயே கயிற்றை வெடுக்கென இழுத்து வேகத்தை ஏற்றுவர். இரு கைக் கோலில் இரு கையும் கட்டுண்டு கிடப்பதால் அந்த வழி அடைபட்டது. ஜோன் உல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1951-இல் ஆண்கள் மட்டுமே எதிர்நின்ற தேசியத் தூர வீச்சுப் போட்டியொன்றில் வென்றவர். 1960-இல் அவர் ஒரு கைக் கோலால் 161 அடி எறிந்தார், 49 மீட்டர்! இரு கையும் சேர்த்து அண்ணன் எறிவதினும் ஒன்றரை மடங்கு. தூரமே நோக்கமானால், இன்னொரு கோல் வாங்குவதைவிட அந்த அம்மையாரைப் போல ஒரு கையைப் பழக்கலாமே! விற்பனைக்காரர்கள் மட்டும் அதைச் சொல்லமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றிருக்கிறது: தூரத்தில் என்ன இருக்கிறது?

வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் இந்தக் கோல்காரர்கள் தேடும் மீன் ஸ்ட்ரைப்ட் பாஸ். வெள்ளி உடம்பில் வரிவரியாகக் கறுப்புக் கோடு. செசபீக் விரிகுடாவிலும் ஹட்சன் ஆற்றிலும் முட்டையிட்டு, இளவேனிலில் கரையோரமாக வடக்கே கேப் காட், மெய்ன் வரை சென்று, இலையுதிர் காலத்தில் திரும்புவது. கேப் காட்டின் வெளிக்கரை செங்குத்தான மணற்கரை. அலை உடைந்து சுரண்டுவதால் கரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு பள்ளம் விழும். அதற்கப்பால் ஒரு மணல்திட்டு. சிறுமீன் அலையில் உருண்டு அந்தப் பள்ளத்தில் தடுமாறும்; பெரிய மீன் இரவில் அங்கே வந்து மேயும். சில வேளை முழங்காலளவு நீரில், வீசுபவனின் காலுக்குப் பக்கத்திலேயே! அவனோ அதன் தலைக்கு மேலாக நூறடிக்கு எறிந்துகொண்டிருப்பான்.

ஒரு சிறு கணக்கு. மீன் கரையிலிருந்து 12 மீட்டருக்குள் இருப்பதாகக் கொள்வோம். 30 மீட்டர் எறிந்து ஒரே சீராக இழுப்பவனின் தூண்டில் நூற்றுக்கு நாற்பது பங்கு நேரமே மீனுள்ள நீரில் இருக்கும். 15 மீட்டர் எறிபவனுக்கு அது எண்பது. தோளை நோகடித்துக்கொண்டு பாதி வாய்ப்பை வாங்குவது எந்தக் கணிதம்? ஆம், மீன் திட்டுக்கு அப்பால் இருந்தால், அல்லது உப்பங்கழியின் வாய் நீரோட்டம் அப்பால் இருந்தால், 15 மீட்டர்க்காரனுக்குச் சுழிதான். நான் மறுக்கவில்லை. அந்த நாளுக்குத் தூரம் வேண்டும். ஆனால் முதல் வீச்சே அந்த நாளுக்கானதாக இருப்பது பேராசை.

எங்கள் பக்கத்தில் கைநரம்பு போடும் தெலுங்கு மீனவர் ஒருவர் சில மாலைகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோலின் விலையைக் கேட்டார். அண்ணன் பாதியாகக் குறைத்துச் சொன்னார். பிறகு எங்கள் கயிறு விழுந்த இடத்தையும் இரண்டாம் அலையின் முதுகையும் மாறி மாறிக் காட்டி, அங்கே எதற்கு, இங்கே போடு என்றார். அன்று அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் இரு கைக் கோல் எதற்கு? என் விடை: எறிவதற்கு அன்று, எறிந்த பின்னர் நடப்பதற்கு. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் உடைகிறது. வீசுபவன் தொடையளவு நீரில் நிற்கிறான். அவனுக்கும் தூண்டிலுக்கும் நடுவே இரண்டு மூன்று அலை உருளும். அலையின் முதுகில் படுத்த கயிற்றை அலை கரைக்கு இழுத்துவந்துவிடும். தூண்டில் செத்த பொருளாகத் தொங்கும். பதினோரடிக் கோலைத் தூக்கிப் பிடித்தால் முதல் அலை கயிற்றின் அடியாகப் போகிறது. இந்த ஒன்று போதும், எனக்கு. கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரு கையாலும் மாறி மாறிக் கயிற்றை இழுக்கலாம். இழுத்த கயிறு இடுப்பில் கட்டிய கூடையில் விழும். அந்தக் கூடை இல்லாமல் கடலில் இறங்குபவன் தன் கயிற்றைத் தன் காலில்தான் சுற்றிக்கொள்வான். (எங்களுடையது துணிக்கடைப் பிளாஸ்டிக் கூடை. கேலி செய்தவர்களுக்கு நன்றி.) காற்று வலத்தோள் பக்கமிருந்து அடித்தால் முள் காதில் ஏறும், அப்போது மேல்கையை இடமாக மாற்றிக்கொள்ளலாம். பின்னால் மணல் மேடாயிருந்தால் நீண்ட கோல் கயிற்றை அதன்மேல் உரசாமல் காக்கும். இவற்றில் எதுவும் விளம்பரத்தில் வராது, தூரம்தான் வரும்.

இவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அண்ணனுக்கு வலத்தோளில் தசைநாண் நைந்துவிட்டது. பல ஆண்டு ஒரு கைக் கோலால், குளிர்ந்த இரவுகளில், எதிர்காற்றில் எறிந்ததன் பலன். தலைக்கு மேலே அந்தக் கையை வேகமாகத் தூக்கக்கூடாது என்று அங்கே மருத்துவர் சொல்லிவிட்டார். ஓராண்டு அவர் கடற்பக்கமே போகவில்லை. பிறகு யாரோ இரவல் கொடுத்த இரு கைக் கோலால் வீசிப் பார்த்திருக்கிறார்: மேல்கை தோளுக்குமேல் அதிகம் ஏறவேண்டியதில்லை, வேலையைக் கீழ்க்கை செய்கிறது, வலி இல்லை. மறுவாரம் அவர் சேர்ந்திருந்த தூண்டில் சங்கத்துக்கு அதைக் கொண்டுபோனபோது மூத்த உறுப்பினர் ஒருவர் எல்லாரும் கேட்க, கிழவரின் கைத்தடி என்று சிரித்தாராம். அண்ணன் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். ஆனால் அதற்குப்பின் அந்தச் சங்கத்துக்கு அவர் போகவில்லை; இருட்டிய பிறகு, ஆளில்லாத கரையில், தனியாகவே வீசியிருக்கிறார்.

நண்பர்களே, ஒருவன் ஒரு கையால் செய்வதை மற்றொருவன் இரு கையால் செய்தால் அவன் தாழ்ந்தவனா? மூக்குக்கண்ணாடி போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பவனை நாம் ஏளனம் செய்கிறோமா? நம் துறைகளில் கணக்கை மனத்தில் போடுபவனுக்குக் கிடைக்கும் மதிப்பு காகிதத்தில் போடுபவனுக்குக் கிடைப்பதில்லை. இருவர் விடையும் ஒன்றாகவே இருந்தாலும். எந்தப் பயனுமற்ற ஒரு கடினத்தை நடுவே வைத்து, அதைத் தாண்டியவரே உள்ளே வரலாம் என்பது வித்தையைக் காப்பதாகாது, வாசலைக் காப்பதாகும். தூரம்தான் பெருமை என்று வைத்துக்கொண்டதால் வந்த வினை இது. தூரத்தைப் பெருமையாக்கினால் அதை எப்படி அடைந்தாய் என்ற விசாரணையும் உடன் வரும்.

இரு கைக் கோலின் குற்றத்தையும் மறைக்கக்கூடாது. மீன் மாட்டிய பின் நெம்புகோல் கட்சி மாறிவிடுகிறது. நீண்ட கோலின் நுனியில் மீன் இழுக்க, அடியில் நாம் தாங்க, இப்போது லாபம் மீனுக்கு. கோலைத் தாழ்த்தி அடிப்பாகத்தால் இழுக்கத் தெரியாதவன் கோல் வளைவதன் அழகைப் பார்த்துக்கொண்டு நீண்ட நேரம் மீனை ஆட்டிவைப்பான். வெகுதூரத்தில் மாட்டிய மீனானால் இன்னும் நேரம். இது சிறிய விஷயமன்று. இந்த ஸ்ட்ரைப்ட் பாஸ் 1970-களிலும் 80-களிலும் அழிவின் விளிம்புக்குப் போன மீன். 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை பிடிப்பதையே தடை செய்தது. 1995-இல் மீண்டுவிட்டதாக அறிவித்தனர். 2019-இல் வந்த மதிப்பீடு மறுபடியும் இருப்பு குறைந்துவிட்டதென்றது. 2023-இல், கடற்கரையில் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர் 28 முதல் 31 அங்குலம் வரையுள்ள மீனையே வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. மற்றவற்றை விட்டுவிட வேண்டும். விட்டால் பிழைக்குமா? நூற்றுக்கு 9 இறக்கும் என்று அங்குள்ள மீன்வள ஆணையம் கணக்கில் கொள்கிறது. இலட்சக்கணக்கில் பிடித்து விடும்போது அந்த ஒன்பது எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் ஆட்டிவைத்த மீன் அந்த ஒன்பதில் சேர்வதற்கு இன்னும் அதிக வாய்ப்புண்டு. எனவே தூரத்தைப் பழகுபவர் மீனை விரைவில் கரைசேர்ப்பதையும் உடன் பழகவேண்டும். அண்ணன் என்னைத் திடலில் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி இழுக்கவைத்தது அதற்காகத்தான். காவற்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

நான் கடலே காணாத ஊரில் பிறந்தவன். எங்கள் ஊரில் தூண்டில் என்றால் குளத்துக்கரை, மூங்கிற்குச்சி, மண்புழு. தூரம் என்ற பேச்சே கிடையாது, குச்சியின் நீளம்தான் தூரம். இங்கே இதுவரை நாங்கள் பிடித்தது இரண்டு சிறு பாரையும் ஒரு கெளுத்தியும். மூன்றும் 15 மீட்டருக்குள். மூன்றையும் விட்டுவிட்டோம், கெளுத்தியை விட்டதற்குக் காரணம் கருணையன்று, அதன் முள்.

கோல் இப்போது என் அறையில்தான் இருக்கிறது. அண்ணன் ஆய்வேட்டைத் திருத்துகிறார். பங்குனி வரை அதை என்னிடம் விட்டிருக்கிறார். சனிக்கிழமை மாலை நாலரைக்குக் காற்று சற்று இறங்கும். வர விரும்புவோர் தொப்பி போட்டு வாருங்கள். தோள்வலி உள்ளவர்கள் கட்டாயம் வாருங்கள். எனக்கு நேர் பின்னால் மட்டும் யாரும் நிற்கவேண்டாம்.